வீட்டுக்காரர்கள் கேட்காமல் விடும் ஒரு கேள்வி

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை படித்துக்கொள்ளுங்கள்.

வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும், வீட்டுக்காரர்கள் வாசலில் நிற்க வைத்து நடத்தும் நேர்முகத் தேர்வு. என்ன வேலை, எத்தனை பேர், பிள்ளைகள் சுவரில் கிறுக்குவார்களா, ஊரிலிருந்து ஆட்கள் அடிக்கடி வந்து தங்குவார்களா, கறி மீன் சமைப்பீர்களா. சில இடங்களில் சுற்றிவளைத்துச் சாதியையும் கேட்டுவிடுவார்கள். மீன் குழம்பு வைத்தால் வாசனை மறுநாள் காலைக்குள் போய்விடும். ஆனால் மூடிய அறைக்குள் வருடக்கணக்கில் பிடித்த சிகரெட் அந்த வீட்டை விட்டு அப்படிப் போகாது. "வீட்டுக்குள்ளே புகை பிடிப்பீங்களா?" என்று கேட்கும் வீட்டுக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை. குடிவருகிறவரும் கேட்பதில்லை: "இதுக்கு முன்னாடி இருந்தவங்க உள்ளே பிடிப்பாங்களா?"

இந்த இரண்டு கேள்விகளையும் நாம் பழக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். புகை பிடித்த வீட்டைக் கழுவாமல் மேலே பெயிண்ட் மட்டும் அடித்து இன்னொருவருக்குக் கொடுப்பது, ஒழுகும் கூரையைச் சொல்லாமல் கொடுப்பதற்குச் சமம் என்பது என் கருத்து. கருத்தோடு நிறுத்தாமல் எப்படிக் கழுவுவது என்றும் எழுதுகிறேன். முப்பது வருடம் வேதியியல் நடத்தியவள், செய்முறை இல்லாமல் முடித்தால் மனசு கேட்காது.

முதலில், சுவரில் என்னதான் இருக்கிறது?

சிகரெட்டோ பீடியோ, புகை கண்ணுக்கு மறைந்த பிறகும் அதில் இருந்தவை எங்கும் போய்விடுவதில்லை. தார் என்கிற பிசுக்கு சுவரிலும், கூரையிலும், மின்விசிறி இறக்கையின் மேல்பக்கத்திலும், ஜன்னல் கொசுவலையிலும் படிகிறது. நிகோடினும் அதோடு சேர்ந்து ஒட்டிக்கொள்கிறது. திரைச்சீலை, மெத்தை, பெயிண்ட் அடிக்காத பிளைவுட் அலமாரி எல்லாவற்றுக்குள்ளும் ஊறுகிறது. பிறகு மெதுவாக மறுபடி காற்றுக்கு வருகிறது, தூசியில் கலக்கிறது. இதை மூன்றாம் நிலைப் புகை என்கிறார்கள். பிடிப்பவருக்குள் போவது முதல் நிலை, பக்கத்தில் இருப்பவர் சுவாசிப்பது இரண்டாவது, புகை அணைந்த பிறகு பொருட்களில் தங்குவது மூன்றாவது.

இப்படித் தங்கும் நிகோடின் சும்மாவும் இருப்பதில்லை. வீட்டுக் காற்றில் நைட்ரஸ் அமிலம் சிறிதளவு இருக்கும். எரியும் கேஸ் அடுப்பும் அதற்கு ஒரு காரணம். அந்த அமிலத்தோடு சுவரில் இருக்கும் நிகோடின் வினைபுரிந்து, புகையிலைக்கே உரிய நைட்ரசமீன்கள் என்ற சேர்மங்கள் உருவாகின்றன. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் 2010-ல் இதைக் காட்டினார்கள். இந்தக் குடும்பத்துச் சேர்மங்களில் சில, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் பிரிவில் வைத்திருப்பவை.

அடுத்த வருடம், 2011-ல், கலிபோர்னியாவின் சான் டியாகோவிலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. நம் விஷயத்துக்கு நேரடியாகப் பொருந்துவது அதுதான். புகை பிடித்தவர்கள் காலி செய்த வீடுகளுக்குப் புகை பிடிக்காதவர்கள் குடிவந்த பிறகு போய்ச் சோதித்தார்கள். இடையில் வீடு சுத்தம் செய்யப்பட்டிருந்தது, சராசரியாக இரண்டு மாதம் காலியாகவும் கிடந்தது. அப்படியும் தூசியில் நிகோடின், பரப்புகளில் நிகோடின், புதிதாகக் குடிவந்தவர்களின் விரல்களில்கூட நிகோடின்.

இதைப் படித்துவிட்டு யாரும் பதற வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் ஊதும் புகையோடு ஒப்பிட்டால் இது குறைந்த அளவுதான். ஆனால் யாருக்குக் குறைந்த அளவு என்று பார்க்க வேண்டும். நாமெல்லாம் தரையை நக்குவதில்லை. தவழும் குழந்தை தரையில் கை வைக்கும், அதே கையை வாயில் வைக்கும், ஜன்னல் கம்பியைக் கடிக்கும். ஒரு நாளின் பெரும்பகுதியைத் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குள் கழிக்கும்.

என்னிடம் படித்த ஒரு பெண் இப்போது சென்னையில் இருக்கிறாள். எட்டு மாதக் குழந்தையோடு தாம்பரம் பக்கம் ஒரு வீட்டுக்குக் குடிபோனாள். பளிச்சென்று புது பெயிண்ட். பால் காய்ச்சிய அன்று சாம்பிராணி மணத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஐப்பசி அடைமழை பிடித்து ஜன்னலைச் சாத்தி வைத்தபோதுதான் பழைய சிகரெட் வாடை கிளம்பியது. ஈரப்பதம் ஏறினால் அது அப்படித்தான் வெளியே வரும். குளியலறைக்கு வெளிச் சுவரில் புது பெயிண்டின் மேலேயே தேன் நிறத்தில் சொட்டுச் சொட்டாகக் கசிந்திருந்தது. குழந்தைக்கு ஏற்கெனவே வீசிங் உண்டு. வீட்டுக்காரரிடம் கேட்டதற்கு, "புதுசா பெயிண்ட் அடிச்சுதானேம்மா குடுத்தேன், இன்னும் என்ன பண்ணச் சொல்றே?" என்றாராம்.

அவர் வேண்டுமென்று ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். பெயிண்ட் அடித்தால் வீடு புதுசு என்றுதான் நம் ஊரில் எல்லோரும் நம்புகிறோம். கறை தண்ணீரில் கரையக்கூடியது, அதன்மேல் தண்ணீரில் கலந்த டிஸ்டெம்பரையோ எமல்ஷனையோ பூசினால் அந்த ஈரத்தில் கரைந்து மேலே ஏறி வரும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். இரண்டு கோட் அடித்தாலும் வரும். ஊதுபத்தி, ரூம் ஸ்பிரே, கற்பூரம் எல்லாம் வாடையின் மேல் வேறு வாடையைப் போர்த்துவதுதான். புகையைப் போக்கப் புகை போடுவது எனக்கு எப்போதும் சிரிப்பை வரவழைக்கும் விஷயம்.

இனி என் மாடி வீட்டுக் கதை. தஞ்சாவூரில் எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் மருந்துக் கம்பெனி பிரதிநிதி ஒருவர் ஆறு வருடம் இருந்தார். தங்கமான மனிதர். ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்குள் வாடகை வந்துவிடும். இரவு ரிப்போர்ட் எழுதும்போது அறைக்குள் உட்கார்ந்து பிடிப்பார், அது எனக்கும் தெரியும். அவர் வீடு, அவர் சௌகரியம். காலி செய்த அன்று சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரை எடுத்தோம். காலண்டர் இருந்த இடம் மட்டும் வெள்ளைச் சதுரம், சுற்றிலும் வெளுத்த டீ நிறம். அதுவரை அந்தச் சுவர் வெள்ளை என்றுதான் இரண்டு பேரும் நினைத்திருந்தோம்.

வீடு பார்க்கப் போகிறவர்கள் இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலண்டரோ படமோ இருந்தால் தூக்கிப் பாருங்கள். சுவர் புதிதாக இருந்தால், பெயிண்டர் கை படாத இடங்களைப் பாருங்கள்: கதவு நிலையின் மேல்விளிம்பு, மின்விசிறி இறக்கையின் முதுகு, பரண் உள்பக்கம், ஸ்விட்ச் போர்டு ஓரம். ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு இழுப்பு. சாதாரணத் தூசி என்றால் துணி சாம்பல் நிறமாகும். பழுப்பு மஞ்சளாகப் பிசுபிசுத்து வந்தால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். சமையலறையில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், அங்கே தாளிப்புப் பிசுக்கும் இதே நிறம்தான்.

கழுவுவது எப்படி என்பதற்கு வருகிறேன்.

இரண்டு விதமான அழுக்கு, இரண்டு விதமான மருந்து. தார் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி. அதை எடுக்கக் காரம் வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு வாளி, சோப்புத்தூள், இரண்டு மூன்று ஸ்பூன் சலவைச் சோடா. நிகோடின் தானே ஒரு காரம். வினிகர் போன்ற மென்மையான அமிலம் பட்டால் உப்பாக மாறித் தண்ணீரோடு வந்துவிடும். ஆகவே முதலில் சோடாத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீரில் அலசல், அதன்பின் ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து துடைப்பு. இரண்டையும் ஒரே வாளியில் கொட்டி நுரை வருவதை வேடிக்கை பார்க்காதீர்கள். ஒன்றையொன்று தின்றுவிட்டு இரண்டும் வீணாகும். யூடியூபில் அந்த நுரையைக் காட்டியே பலர் பிழைக்கிறார்கள்.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை: பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ வினிகருடன், கழிப்பறை ஆசிடுடன் சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது விளையாட்டில்லை. இந்த வேலைக்கு பிளீச் தேவையும் இல்லை.

கூரையில் ஆரம்பியுங்கள். சுவருக்கு வந்ததும் கீழிருந்து மேலாகத் துடையுங்கள். எல்லோரும் மேலிருந்துதான் தொடங்குவார்கள். காய்ந்த அழுக்குச் சுவரில் அழுக்குத் தண்ணீர் வழிந்தால் கோடு விழும், அந்தக் கோடு பிறகு லேசில் போகாது. ஏற்கெனவே நனைந்த சுவரில் வழிந்தால் கோடு விழாது. வாளித் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்ததும் மாற்றுங்கள். என் மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒன்றுக்கே ஒன்பது வாளி போனது. துணியையும் மாற்ற வேண்டும். அதே துணியால் தேய்த்துக்கொண்டிருந்தால் இந்தச் சுவரிலிருந்து எடுத்து அந்தச் சுவரில் பூசுகிறோம், அவ்வளவுதான்.

தரையைப் பொறுத்தவரை, மொசைக், மார்பிள், கடப்பா போட்ட வீடுகளில் வினிகர் பக்கமே போகாதீர்கள். மார்பிளிலும் மொசைக் சில்லிலும் இருப்பது கால்சியம் கார்பனேட், அமிலம் அதை அரித்து மினுமினுப்பைக் கெடுத்துவிடும். பழைய ரெட் ஆக்சைடு தரைக்கும் அப்படியே. அங்கெல்லாம் சோப்புத் தண்ணீர் போதும், இரண்டு மூன்று தடவையாக. அலுமினிய ஜன்னலுக்குச் சலவைச் சோடா ஆகாது, மங்கிப்போகும், அதற்கும் சோப்புதான். மின்விசிறியும் ஸ்விட்ச் போர்டும் துடைக்கும்போது மெயினை அணைத்துவிட்டு, பிழிந்த துணியால் மட்டும். ஏசி இருந்தால் ஃபில்டரை மட்டும் கழுவிப் பயனில்லை. உள்ளே இருக்கும் காயிலில் பிசுக்கு ஏறியிருக்கும், மெக்கானிக்கை வரவழைத்துக் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். கழுவாத ஏசியைப் போட்டால் பழைய வாடை அறைக்குள் திரும்ப வரும்.

சுண்ணாம்பு அடித்த பழைய சுவரைக் கழுவ முடியாது. நனைத்துச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், அதன் பிறகு பட்டி. பழைய எனாமல் பெயிண்டை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், பழைய பெயிண்டில் ஈயம் இருந்திருக்கலாம். ஈரமாகத் தேயுங்கள்.

இவ்வளவும் முடிந்து சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பெயிண்டர். அவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது, சாதாரண வாட்டர் பிரைமர் வேண்டாம், கறையைத் தடுக்கும் ஆயில் பிரைமர் ஒரு கோட் வேண்டும் என்று. "எதுக்கும்மா தண்டச் செலவு?" என்பார். அடிக்கச் சொல்லுங்கள். பிளைவுட் அலமாரிகளின் உள்பக்கமும் அதில் சேர்த்தி. வாடை கடுமையாக இருக்கும், சில நாள் ஜன்னலைத் திறந்துபோட்டு, அது போன பிறகே குழந்தைகளைக் கூட்டி வர வேண்டும். திரைச்சீலை, மெத்தை போன்றவற்றைக் காப்பாற்ற முயலாதீர்கள். திருவல்லிக்கேணி மேன்ஷன் அறைகளில் மாதத்துக்கு ஒருவர் மாறி மாறிப் படுக்கும் மெத்தைகளை நினைத்தால் எனக்கு இப்போதும் மூச்சு முட்டுகிறது.

இனி சண்டை வரும் இடம். காசு யார் கொடுப்பது?

எங்கள் மாடிக்காரத் தம்பியிடம் சொன்னபோது, "டீச்சர், பெயிண்ட் அடிச்சா மறைஞ்சிடுமே" என்றார். "மறையும் தம்பி, போகாது" என்று துணியைக் காட்டினேன். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கழுவிய கூலி, சாமான், ஆயில் பிரைமருக்கு ஆன அதிகப்படிச் செலவு எல்லாம் சேர்த்து 7,300 ரூபாய். அது அவருடையது. எமல்ஷனும் பெயிண்டர் கூலியும் என்னுடையது, ஏனென்றால் ஆறு வருடத்தில் அவர் புகையே பிடிக்காமல் இருந்திருந்தாலும் நான் பெயிண்ட் அடித்துத்தான் ஆக வேண்டும். அட்வான்ஸ் 27,000-ல் கழித்துக்கொண்டு மீதியை ரசீதுகளோடு கொடுத்தேன். முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார்.

பல வீட்டுக்காரர்கள் இப்படிச் செய்வதில்லை. பிடித்தவர், பிடிக்காதவர் எல்லோரிடமும் ஒரு மாத வாடகையைப் "பெயிண்டிங் சார்ஜ்" என்று கண்ணை மூடிக்கொண்டு பிடித்துக்கொள்கிறார்கள். அதை வைத்து வீட்டைக் கழுவுகிறார்களா என்றால் அதுவும் கிடையாது. பிடிக்காதவர் எதற்குக் கொடுக்க வேண்டும்? நம் மாநிலத்தில் 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் இருக்கிறது. எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும், தனியாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், வீட்டு உரிமையாளர் பொறுப்பு என்று அதன் அட்டவணையில் இருக்கிறது. புகைக்கறை பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. பொது இடங்களில் புகைக்கத் தடை 2008 அக்டோபர் 2 முதல் கடுமையாக்கப்பட்டது. வீட்டுக்கு அது பொருந்தாது. ஆகவே நாமாக எழுதிக்கொண்டால்தான் உண்டு.

"அப்படியென்றால் புகை பிடிப்பவனுக்கு வீடே கிடைக்காதே, ஏற்கெனவே பேச்சுலர் என்றால் கதவைச் சாத்துகிறார்கள்" என்று ஒரு இளைஞர் என்னிடம் நேரில் கேட்டார். நியாயமான பயம். வீடு மறுக்க இன்னொரு சாக்குக் கண்டுபிடித்துக் கொடுப்பது என் நோக்கமில்லை. சாதி கேட்டு, கறி கேட்டு மறுப்பவர்கள் பட்டியலில் இதையும் சேர்க்காதீர்கள். இந்தியாவில் 2016-17-ல் எடுத்த கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் 10.7 சதவீதம் பேர் புகை பிடிக்கிறார்கள். வீட்டுக்குள் பிறர் புகையைச் சுவாசிப்பவர்கள் 38.7 சதவீதம். இத்தனை பேரை வீடில்லாமல் விரட்ட முடியுமா? ஆணி அடித்தால் ஓட்டையை அடைத்துக் கொடுக்கிறோம் அல்லவா, அதுபோல் ஒரு செலவாக இதை முன்கூட்டியே பேசிவிட்டால் போதும். பால்கனியில் நின்று பிடிப்பவர் கதவைச் சாத்திக்கொண்டு பிடித்தால் அவருடைய செலவுதான் குறையும்.

கழுவுகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த வேலையை நம் வீடுகளில் பெரும்பாலும் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவிடம்தான் தள்ளிவிடுவார்கள், "அப்படியே சுவரையும் ஒரு தடவை துடைச்சிடு" என்று. நிகோடின் தோல் வழியாக உடம்புக்குள் போகும். நிகோடின் பட்டைகளைத் தோலில் ஒட்டுவதே அதை நம்பித்தான். எனவே ரப்பர் கையுறை வாங்கிக் கொடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், கர்ப்பமாக இருப்பவர்களை இதில் இறக்காதீர்கள். கூலியைத் தனியாகப் பேசுங்கள். என் மாடியைக் கழுவியது இரண்டு பெண்கள், இரண்டு முழு நாள். கூரை துடைத்த அன்று அவர்களால் சாயங்காலம் கையைத் தூக்க முடியவில்லை.

தாம்பரத்துப் பெண் என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். சட்டத்தைக் காட்டி மல்லுக்கு நிற்க அவளுக்கு நேரமில்லை. குழந்தை படுக்கும் அறையை மட்டும் அவளும் கணவருமாகக் கழுவி, ஆயில் பிரைமர் அடித்து, அது காயும்வரை மாமியார் வீட்டில் இருந்துவிட்டு வந்தார்கள். அந்தச் செலவை வாடகையில் கழிக்கச் சொல்லி ரசீதை வீட்டுக்காரருக்கு அனுப்பியிருக்கிறாள். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. மற்ற அறைகள் அப்படியேதான் இருக்கின்றன.

இப்போது மாடிக்கு வந்திருக்கும் குடும்பத்தோடு நான் போட்ட ஒப்பந்தத்தில் சேர்த்த வரிகளைக் கீழே தருகிறேன். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம், என் பெயர் போட வேண்டியதில்லை.

"இவ்வீட்டில் இதற்கு முன் குடியிருந்தவர் வீட்டுக்குள் புகை பிடித்துள்ளார். அவர் காலி செய்த பின் சுவர், கூரை, தரை, மின்விசிறிகள், அலமாரிகள் கழுவப்பட்டு, கறை தடுக்கும் பிரைமர் அடித்துப் பெயிண்ட் செய்யப்பட்டுள்ளது என்பதை உரிமையாளர் தெரிவித்துள்ளார். வாடகைதாரரோ அவர் விருந்தினரோ வீட்டுக்குள் புகை பிடித்தால், காலி செய்யும்போது சுவர் முதலிய பரப்புகளைக் கழுவும் செலவையும் பிரைமர் செலவையும், ரசீதின்படி, வாடகைதாரர் ஏற்பார். வழக்கமான பெயிண்ட் செலவு உரிமையாளருடையது. புகைக்கறை இல்லாத பட்சத்தில் இதன்பேரில் எத்தொகையும் முன்பணத்தில் பிடிக்கப்படாது."